திருநீற்றுக்குத் தப்பிய ரூபாய்: சிஞ்ச்வட் வழியாக ஒரு நாணயப் பயணம்

போன நவம்பரில் நான் புனேவுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. கோவையில் எங்கள் நாணயச் சங்கம் வருடாவருடம் கண்காட்சி நடத்தும். நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், நிறுவனத்தில் தரம் பார்த்து மதிப்பெண் வாங்கிய காசுகளுக்குத்தான் இடம். இத்தனை வருடமாக அங்கே நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேனே தவிர, அந்தப் பெட்டிக்குள் என் காசு ஒன்றுகூடப் போனதில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று, என்னிடமிருந்த செம்புக் காசுகளையெல்லாம் ஒரு நண்பருக்குக் கொடுத்து, மாற்றாக 1918ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் இரண்டு வாங்கினேன். தரம் பார்க்கிற நிறுவனத்துக்காகக் காசு வாங்கிக்கொள்ளும் அலுவலகம் ஒன்று புனேயில் இருக்கிறது. அண்ணன் வீடும் அங்கேதான். தபாலை நம்பாமல் நேரிலேயே கிளம்பினேன்.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். நம் வீடுகளில் வெள்ளி விளக்கை எப்படி மினுக்குவோம்? திருநீற்றைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்போம் அல்லவா? பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி ஒரு காசைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. இன்னொரு காசு பல வருடம் காகித உறையில் கிடந்து நிறம் மாறி, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அதைப் போகிற இடத்தில் தேய்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே எடுத்துவைத்தேன்.

கோவையில் காலையில் ரயில் ஏறினால் மறுநாள் மதியம்தான் புனே. அங்கிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில், அண்ணன் வீடு இருக்கிற சிஞ்ச்வட் அரை மணி நேரம். டிக்கெட் பத்து ரூபாய்க்குள்தான், ஆனால் சாயங்கால நெரிசலில் பெட்டியோடு ஏறாதீர்கள்.

அண்ணனுக்கு ரஞ்சன்காவில் தொழிற்சாலை வேலை, வீடு திரும்ப இருட்டிவிடும். அண்ணிதான் கதவைத் திறந்தார். முப்பது வருடமாக அங்கேயே இருப்பதால் அவர் பேச்சில் பாதி இந்தி. காப்பி குடித்ததும் கேட்டேன்.

"அண்ணி, கொஞ்சம் திருநீறும் பஞ்சும் குடுங்க."

"சாமி கும்பிடவா?"

"இல்லைங்க, காசு தேய்க்கோணும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணுமில்ல."

அண்ணி காசை ஓரத்தில் பிடித்து வாங்கி, பால்கனி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இதைப் போய்த் தேய்ப்பாங்களா? சாய்ச்சா நீலம் பச்சையாகுது, பாருங்க. அசல் மயில்கழுத்து. இந்த ரங்க் சேலை வேணும்னு நான் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கேன்."

"அது அழுக்குங்க அண்ணி."

"அழுக்கு இப்படி மின்னுமா? ரெஹ்னே தோ, அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திருநீற்று டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சேலை எடுக்கிறவர் எனக்குக் காசு பார்க்கச் சொல்லித் தருவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அண்ணன் வந்து கதையைக் கேட்டுச் சிரித்தார். "கலர் விஷயத்துல அவகிட்ட ஜெயிச்சவன் இன்னும் பொறக்கலைடா, பேசாம சாப்பிடு."

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து பி.சி.எம்.சி. நிலையத்தில் மெட்ரோ ஏறி மண்டயி நிலையத்தில் இறங்கினேன். அலுவலகம் லட்சுமி சாலைக்குப் பக்கத்தில், நடந்தே போகலாம். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால், கதவு பூட்டியிருந்தது. புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைக்காரர் தூங்குவார், அதைக் கலைக்க யாராலும் ஆகாது. டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன்.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். முதலில் பளபளப்பான காசை விளக்கடியில் வைத்து மெதுவாகச் சுழற்றினார். முகம் மாறியது.

"எதை வைத்துத் தேய்த்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"பஸ்ம்," என்றேன், திருநீற்றுக்கு இந்தியில் அதுதான்.

சிரித்துவிட்டார். தெற்கிலிருந்து வருகிற வெள்ளியில் இந்தத் தடம் அடிக்கடி வருமாம். பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். காசிலிருந்த ராஜா முகமெல்லாம் மயிரிழைக் கீறல். அச்சு நன்றாக விழுந்திருந்தாலும் தேய்த்த காசுக்கு எண் கொடுக்க மாட்டார்கள், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம்.

பிறகு அண்ணி காப்பாற்றிய காசு. அதைச் சாய்த்ததும், நிறத்துக்கு அடியிலிருந்து வெள்ளியின் ஒளி வட்டமாக ஓடியது. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது, மேலே எத்தனை அடி பட்டிருக்கிறது, ஒளி மிச்சமிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். பார்த்ததும் கண் அதில் நிற்கிறதா என்பது. 'ஐ அப்பீல்' என்பார்கள். இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடுகிற காசை மேலே தள்ளுவதும் கீழே இறக்குவதும் பல சமயம் அதுதான். ஒளியை மறைக்கிற கறுப்பு காசை இறக்கும், ஒளியை விடுகிற நிறம் ஏற்றும். "ஆனால் முடிவு சொல்வது நான் இல்லை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கூரியர் வந்தது. தேய்த்த காசுக்கு எண் இல்லை. மற்றதுக்கு எம்.எஸ். 64. அறுபதும் அதற்கு மேலும் என்றாலே புழங்காத காசு, எழுபதுதான் உச்சம். எனக்குக் கண் கலங்கியதை மறைக்கவில்லை. உடனே அண்ணியைக் கூப்பிட்டேன்.

"உங்களாலதாங்க அண்ணி."

"நான் என்ன பண்ணேன், நல்ல கலர்னு சொன்னேன். பெட்டியில எது மேல வைக்கப்போறீங்க?"

"வெள்ளை வெல்வெட்டு."

"நல்லாருக்காது."

அடுத்த வாரம் அவர் தேடி எடுத்திருந்த மயில்கழுத்துச் சேலையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு ஒன்று வந்தது. கண்காட்சியில் என் ரூபாய் அதன்மேல்தான் இருந்தது. வந்தவர்கள் மற்றக் காசுகளின் எண்ணைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். என்னுடையதன் முன்னால் நின்றார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால்: மதியம் ஒன்று முதல் நான்கு வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், சில பிளாஸ்டிக் உறைகள் காசைக் கெடுக்கும், விசாரித்து வாங்குங்கள். புளி, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். கை பரபரத்தால், திருநீற்று டப்பாவை வீட்டில் சேலை எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள்.