ஓடாத வண்டியிலிருந்து இறங்கியவர்

ஓட்டுநருக்குப் பேருந்தை விட்டால் வேறு உலகம் தெரியாது. அப்படிப்பட்டவர், ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்து விழுந்த நாளிலிருந்து பணிமனையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விழுந்தவர் முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அன்றே போய்விட்டார். இவரால்தான் அந்த இடத்தை விட்டுப் போக முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வலது கால் மரத்துப்போகிறது. இனி வண்டி எடுக்கிறாரா, பணிமனையோடு இருந்துவிடுகிறாரா என்று திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லியாக வேண்டும்.

மனைவியின் தம்பி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். திரையில் ஓடும் சாலையில் ஏதாவது குறுக்கே வந்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவன் ஆராய்ச்சி. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஏற்றிவிட்டது இந்த மாமாவின் சம்பளம்.

“மாமா, புது ரோடு ஒண்ணு போட்டிருக்கேன். நீங்க ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க.”

“ரோடு போடத்தான் இத்தனை வருஷம் படிச்சியா மாப்ள?”

இருட்டறையில் ஒரு பெரிய திரை, அதன்முன் பாதியாக அறுத்த கார். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் திருப்பினார்.

“பின்னாடி சுவர்தான்டா தெரியுது.”

“பின்னாடி இன்னும் போடலை மாமா. குறுக்க சைக்கிள் வரும். முடியலைன்னா உடனே சொல்லிடுங்க, நிறுத்திடறேன்.”

கார் கிளம்பியது. மரங்கள் நகர்ந்தன. வளைவில் சைக்கிள் பாய்ந்தது. மரத்துப்போனதாக நினைத்த கால் அவரைக் கேட்காமலேயே பிரேக்கில் போய் விழுந்தது. சைக்கிள் சாய்ந்தது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கதவைத் திறந்தார், ஓடிப்போய்த் திரையடியில் குனிந்து தேடினார்.

“மாமா, அது படம்!”

“படமா இருந்தா என்ன? ஆளு எழுந்தானா பாரு!”

சிரிக்க வாய்திறந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். விழுந்தவன் எழுவதை அவன் படத்தில் போடவே இல்லை. பிரேக் அழுத்தியதோடு அவனுடைய கணக்கு முடிந்துவிடும்.

கணினிமுன் போய் உட்கார்ந்தான். மாமா டீ குடித்துவிட்டு வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தான்.

“இப்ப உட்காருங்க.”

மறுபடியும் சைக்கிள். மறுபடியும் பிரேக். இந்தமுறை விழுந்தவன் எழுந்தான், சைக்கிளை நிமிர்த்தினான், ஏறி மிதித்துப் போயே போய்விட்டான். அவன் கண்ணைவிட்டு மறையும்வரை ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கியரைப் போட்டார்.

அன்றிரவு மனைவியிடம், “உன் தம்பி தேறிட்டான்டி” என்றார்.

“தேறினது யாரு?” என்றாள் அவள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை பேருந்தை எடுத்தார். பல்கலைக்கழக வாசலைக் கடக்கும்போது மட்டும், சாலை காலியாகவே இருந்தாலும், ஒரு ஹாரன் அடிப்பார். மாடியில் மாப்பிள்ளை ஜன்னலைத் திறப்பான்.