பாதியில் நின்ற லெகோங்

வெஸ்ட் வின்ட்சரில் என் பக்கத்து வீட்டு நியோமன் பாலித் தீவுக்காரி. சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுருக்கிச் சுருக்கியே பாழான லெகோங் நடனத்தை, அவள் குழு பாடுபட்டு முழுதாக மீட்டிருந்தது. எங்கள் தமிழ் விழாவில் அதை முழுதாகவே ஆடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். நேரம் குறைந்தபோது, அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் இசையை வெட்டி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தேன்.

அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே இசை நின்றது. இறங்கி வந்தவளிடம் "சவுண்ட் ப்ராப்ளம்" என்று பொய் சொன்னேன்.

"என்னக்கா, நீங்கதானே எட்டு நிமிஷமா எடிட் பண்ணிக் கொடுத்தீங்க?" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

தமிழ் தெரியாதவளுக்கும் 'எடிட்' புரிந்தது.

"நீகூடவா வெட்டின?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு என்னுடன் பேசவேயில்லை.

சென்ற மாதம், அவள் ஊர்ச் சிறுமிகள் அந்த நடனத்தை முழுதாக ஆடும் வீடியோவைப் பார்த்தேன். அவளுக்கு 'மன்னித்துவிடு' என்று எழுதினேன்.

பதில் இல்லை. வராவிட்டாலும் நியாயம்தான்.