அடுத்த ஓகஸ்டுக்கு மாற்றிய பயணம்

இராஜேந்திரன் அண்ணை மனைவியிடம் சொன்ன பொய் எனக்கு முன்னமே தெரிந்திருந்தால், அந்தப் பயணத் திகதியில் நான் கையே வைத்திருக்க மாட்டேன்.

லண்டனில், சட்டன் பக்கம் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்கிறார். மனைவி சிவகௌரி அக்காவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆஸ்பத்திரியில் இவர்தான் மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. ஓகஸ்டில் டொக்டர் ஐந்து நிமிடம் விளக்கினாராம்: கணையத்தில் புற்றுநோய், தைப்பொங்கல் வரை தாங்குவதே கடினம். இவர் அதை அல்சர் என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடப் பேச்சை எதனாலாவது நிரப்ப வேண்டுமே. உறைப்பைக் குறைக்க வேண்டும், பப்பாப்பழம் நல்லது என்று தானாகச் சேர்த்திருக்கிறார். அக்கா அழாததைப் பார்த்து, தைரியமான பெண் என்று டொக்டர் மெச்சினாராம்.

அங்கே கிடந்த சஞ்சிகையொன்றில் கோஸ்டாரிக்காவின் கரீபியன் கரை. காடு கடல்வரை இறங்கி நிற்கிறது. அறை வாசலில் குரங்குகள். இப்படி ஒரு இடத்தில் ஒரு கிழமை கிடந்தால் எந்த வருத்தமும் பறந்துவிடும் என்று அக்கா சும்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் டிக்கட் கடைக்கு இவர் ஓடிவந்தார். நான் இருபது வருடமாகக் கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கட் போடுகிறவன். இந்த வயதில் தேனிலவோ என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒக்டோபர்தான், ஒரு நாளும் பிந்தக்கூடாது என்றார். அந்தக் கரையில் மழை குறைந்த மாதம் அது. விஷயம் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அக்கா எனக்குப் போன் எடுத்தார். மகள் ஜதுர்ஷிகா சோதனைக்குப் படிக்கிறாள், இப்போது புத்தகத்தை விட்டு அசையமாட்டாள். அடுத்த ஓகஸ்டில் என்றால் அவளும் வருவாள், அல்சரும் மாறிவிடும். அண்ணைக்குத் தானே சொல்லிச் சந்தோஷப்படுத்தப் போவதாகச் சொன்னார். விடுதிக்காரனோடு மல்லுக்கட்டி மாற்றிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் கடை திறக்குமுன்னே அண்ணை வாசலில் நின்றார். உள்ளே வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்கும் தெரியாதாம். அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"ஏலாது நிஷாந்தன். சொன்னா அவள் அண்டைக்கே செத்துப்போவாள்."

அடுத்த வருடம் விடுதியைத் திருத்த மூடுகிறார்கள், இப்போதே போனால்தான் உண்டு என்று நான் ஒரு பொய் சொல்ல வேண்டுமென்று கெஞ்சினார். அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அப்ப அதுக்கடுத்த வருஷம் பாப்பம் தம்பி," என்றார் அக்கா. "பிள்ளையை விட்டிட்டு எனக்கென்ன கடல்? கடல் எங்கயும் ஓடிப்போகாதுதானே."

இப்போதாவது சொல்லட்டும் என்று போனை அவர் கையில் திணித்தேன். "கௌரி," என்றார்.

"அங்கயோ நிக்கிறியள்? வரேக்க பப்பாப்பழம் ரெண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. டொக்டர் சொன்னதை ஒழுங்காச் செய்தால்தானே மாறும்."

"ஓம்," என்றார்.

போனை வைத்துவிட்டு வீதியைக் கடந்தார். எதிர்க்கடையில் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார். நல்லதாக இரண்டு தெரிந்து எடுத்தார்.