காயக் கூடாத விதைகள்

காட்டைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை பள்ளிக்கூடம் போனேன். கணக்கில் தவறிவிட்டது, அத்தோடு சரி. காட்டுக்குள் நான் இருந்ததும் ஒரே ஒரு நாள், அதிலும் பஸ்ஸில் ஏறி இறங்கிய நேரத்தைக் கழித்தால் அரை நாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் துணிந்துவிட்டேன். தவறு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது திருநாவலூர் பக்கம், குத்தகை நிலத்தில் பயிர் வைக்கும் வீட்டில். கட்டிக்கொடுத்தது கல்வராயன் மலை அடிவாரத்தில். கல்யாணமான இரண்டாம் வருடம் அங்கே வனத்துறையின் நாற்றங்காலில் எனக்குத் தினக்கூலி வேலை கிடைத்தது. மரக்கன்று வளர்க்கும் இடம் அது. கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்புவோம், விதை ஊன்றுவோம், பூவாளியால் தண்ணீர் விடுவோம். என்னோடு ஓர் அக்கா வேலை பார்த்தார். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் பல வருடம் இருந்தவர். அந்த வாய்க்கு யாரிடமும் பயம் கிடையாது. எங்களுக்கு மேலே ஒரு பாரஸ்டர் இருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை விதை காய வைப்பது. பிறந்த வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, எள்ளு, கேழ்வரகு எதுவானாலும் விதைக்கென்று எடுத்ததை நாலைந்து வெயில் காயப் போடுவோம். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். அப்புறம் சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் கட்டி வைத்தால் அடுத்த பட்டம் வரை அசையாமல் கிடக்கும். நாற்றங்காலுக்கு வந்த தேக்கு, புளி, வாகை எல்லாவற்றையும் நான்தான் காய வைத்தேன். அந்த அக்கா சொல்வார்: "இவ கைல குடுத்தா மழையக்கூட காயவெச்சு மூட்ட கட்டிடுவா."

வைகாசியில் ஒரு நாள் காலையில், மலை மேலிருந்து ஒருவர் இரண்டு சாக்கு மூட்டைகளைக் காவடி போலத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளிமலைக்கும் அப்பால் அவருடைய ஊர். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே பச்சை இலைகளுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் கறுப்புப் பழங்கள்.

"காய் உழுந்திருக்கு சார். நாலு வருசம் கழிச்சு இப்பத்தான்," என்றார்.

அது ஊதுபத்தி மரம் என்று பாரஸ்டர் எங்களுக்குச் சொன்னார். அதன் பட்டையை இடித்த மாவுதான் ஊதுபத்திக்குப் பசையாம். பட்டைக்காக ஆட்கள் சுற்றிலும் உரித்துவிடுவதால் நின்றபடியே மரம் செத்துப்போகிறது. மலைக்காரரின் ஊர் தண்ணீர் குடிப்பது ஒரு சுனையில். அந்தச் சுனையைச் சுற்றி நின்ற மரங்கள் இப்படியே போய்விட்டன. பங்குனியில் ஒரு குடம் நிறையக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. காய்க்கிற மரம் உள்ளே ஒரு பள்ளத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். விதை கொண்டுவந்தால் கன்று வளர்த்துத் தருகிறேன் என்று பாரஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நான் ஒரு வாரம் விழுப்புரம் போறேன். பத்திரமா வெச்சிரும்மா, வந்து போட்டுக்கலாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மலைக்காரர் மூட்டையைத் தட்டிக்காட்டி, "வழியில மூணு ஓடையில முக்கி எடுத்தாந்தேன்," என்றார்.

ஏன் முக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். வெளி ஆளிடம் பேச வெட்கம், கேட்கவில்லை. பாவம், விதையை நனைக்கக் கூடாது என்பதுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் போனதும் நானும் அக்காவும் சதையைக் கழுவி எடுத்தோம். சிமெண்டுக் களத்தில் ஐந்து நாள் பரப்பினேன். யாரும் சொல்லாமல், மணிக்கு ஒரு தடவை காலால் துழாவி விட்டேன். ஆறாம் நாள் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தது. அன்று எனக்கு இருந்த திருப்தியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாரஸ்டர் திரும்பி வந்ததும் பை பையாக ஊன்றினோம். ஆனி முழுக்கத் தண்ணீர் விட்டோம். புல் முளைத்தது, அதைப் பிடுங்கினோம். வேறு எதுவும் முளைக்கவில்லை.

ஆடி பிறந்ததும் மலைக்காரர் கன்று பார்க்க வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பையின் மண்ணைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாத்த கொண்டாந்த நீ? அத்தினியும் பொக்கு," என்றார் பாரஸ்டர். "கீழ கெடந்த சொத்தய பொறுக்கிகினு வந்து என் தலையில கட்டிட்ட."

"இல்ல சார். நல்ல கொட்ட."

"நல்ல கொட்டன்னா ஏன்யா மொளைக்கல?"

மலைக்காரர் மறுபடியும் அந்த மண்ணை அமுக்கிப் பார்த்தார்.

"இனிமே ஒன் பேச்ச நம்பி ஒரு பை ரொப்ப மாட்டேன். ஏம்மா, அவரு சாக்க எடுத்தாந்து குடு, போவட்டும்."

சாக்குகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒழுகும் குழாய்க்குக் கீழே, போட்ட இடத்திலேயே கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன். மடிப்புக்குள்ளிருந்து சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. விரித்தால் நாலு முளைகள். உதறும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு தப்பிய நாலு கொட்டைகள், சாக்கின் நூலுக்குள் வேரை விட்டு, செம்பு நிறத்தில் இலை பிரித்திருந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் கிடந்தவை முளைத்திருக்கின்றன. நான் பார்த்துப் பார்த்துக் காய வைத்தவை ஒன்றுகூட முளைக்கவில்லை.

பின்னாலேயே வந்த அக்காவும் பார்த்துவிட்டார்.

"அத்த அப்படியே போடு," என்றார், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. "வேற சாக்கு ஒண்ணு இருக்குது, அத்த குடுத்து அனுப்பு. நீ வாயத் தொறந்தா நாளைக்கு ஒனக்கு வேல இல்ல. ஒரு நாளும் பேசாதவ, இன்னிக்கும் பேசாம இரு."

தொட்டி மறைவிலிருந்து பார்த்தேன். மலைக்காரர் இன்னும் அந்தப் பையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பொய்க்காரர் என்று சொல்லியாகிவிட்டது. இனி அந்தச் சுனைக்குக் கன்று கிடையாது. நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே நின்றுவிடும். சாக்கை விரித்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ப் பாரஸ்டர் முன்னால் தரையில் வைத்தேன்.

"நான் காயவெச்சேன் சார்."

"எத்தினி நாளு?"

"அஞ்சு நாளு. நல்ல வெயிலு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "ட்ரெய்னிங்ல சொன்னாங்க," என்றார் தனக்குத்தானே. "மழக்காட்டு மரத்து வெதைய காயவுடாதன்னு. நான்தான் மறந்துட்டேன்."

மலைக்காரருக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. "காயவெச்சியா? ஏம்மா?" என்று கேட்டார். "பால் குடிக்கிற புள்ளய வெயில்ல போட்டாப்புல இல்ல இருக்கு."

"நீயாவது சொல்லியிருக்கலாம் இல்லய்யா," என்றார் பாரஸ்டர்.

"இத்தப் போயி சொல்லணும்னு தோணுமா சார்? கொல்லையில போடற சாமைய காயவெப்போம். இது காட்டுக் கொட்ட. ஈரமாத்தான இருக்கும்."

மரத்தடியில் இன்னும் கிடைக்குமா என்று பாரஸ்டர் கேட்டார். கிடந்ததெல்லாம் முளைத்திருக்கும், கன்றாகவே எடுக்கலாம் என்றார் மலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய் எடுத்துவர வேண்டும் என்று உத்தரவானது.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்றார் அக்கா.

"அந்தம்மாவ வாய மூடச் சொன்ன இல்ல, அதுக்கு. எனக்கும் காது கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். நான் வெளியே பார்த்தேன். மூங்கில், முள், பாறை, நடுநடுவே மரவள்ளிக் கொல்லை. இதுதான் காடா என்று சப்பென்று இருந்தது. வெள்ளிமலை தாண்டி இறங்கியதும் மலைக்காரர் காத்திருந்தார். வெயிலில் ரொம்ப தூரம் நடந்தோம். ஒரு சரிவில் இறங்கும்போது, வாசல் தாண்டியது போல, வெயில் நின்றுவிட்டது.

எனக்கு முதலில் தெரிந்தது காற்று. தண்ணீர்ப் பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் கைக்கு எப்படி இருக்குமோ, அந்தக் குளிர்ச்சி முகமெல்லாம். நிமிர்ந்தேன். வானம் இல்லை. மரத்துக்கு மேல் மரம், அதற்கு மேல் இன்னொரு மரம், கொடிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அடிமரத்தில் வேர்கள் சுவர் போல எழுந்து நின்றன. அந்தச் சுவருக்குள் ஒரு பசுவைக் கட்டலாம். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் செடி, அந்தச் செடியின் மேலும் ஏதோ பூத்திருந்தது. வெறுமையாக ஒரு விரல் இடம் இல்லை. அன்று மழையே இல்லை. ஆனாலும் எங்கேயோ மேலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. நானும் கழற்றினேன்.

கால் கணுக்கால் வரை சருகில் இறங்கியது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். வைகாசி வெயிலைத் தாண்டி வந்த அந்தச் சருகிலிருந்து விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. சருகுக்குள் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ ஓடி, ஒரு வேரையும் இன்னொரு வேரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. பள்ளத்தின் அடியில் இந்தச் சருகிலிருந்துதான் ஓடை கசிந்து கிளம்புகிறது. இப்படிப்பட்ட ஓடைகள் சேர்ந்துதான் எங்கள் அடிவாரத்து அணைக்கு வருகின்றன, வாய்க்காலில் வருகின்றன. அவ்வளவு நாளும் தண்ணீர் அணையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மரத்தின் அடிக்கு வந்தோம். மூன்று பேர் கை கோத்தால்தான் கட்ட முடியும். கீழே, கண் பழகிய பிறகு, தரை முழுக்கச் செம்பு நிற இலைகள் தெரிந்தன. நூற்றுக்கணக்கான கன்றுகள். பழையவையும் இருந்தன, முழங்கால் உயரத்தில், இலை குறைந்து, குச்சி போல.

"இது போன தடவ காய்ச்சப்ப மொளைச்சது," என்றார் மலைக்காரர். "நெழல்ல அப்படியே நிக்கும். பெரிய மரம் ஒண்ணு உழுந்து வெளிச்சம் வந்தாத்தான் ஏறும்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் விதைகளுக்குக் காத்திருக்கத் தெரியும், ஏனென்றால் எங்கள் நிலத்தில் ஈரம் விட்டு விட்டுத்தான் வரும். இங்கே ஈரம் ஒரு நாளும் போனதில்லை. காத்திருக்க வேண்டும் என்று இந்த விதைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்த உடனே முளைத்துவிடுகிறது, முளைத்த பிறகு கன்றாக நின்று காத்திருக்கிறது. நாங்கள் பானையில் வைப்பதை இந்தக் காடு நிழலில் வைத்திருக்கிறது. இதை எந்தப் பானையிலும் கட்டி வைக்க முடியாது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் விதைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த வீட்டிலும் விதை இருக்காது. எவ்வளவு பெரியது, எவ்வளவு பழையது, ஆனால் அதைக் கொல்ல ஐந்து நாள் வெயில் போதும். அது என் கையாலேயே எனக்குத் தெரியும்.

பின்னாளில் தொலைக்காட்சியில் வேறு தேசத்து மழைக்காடுகளைப் பார்த்தேன். மேலே பறந்து காட்டினார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அவை தங்களுக்கு வேண்டிய மழையைத் தாங்களே மூச்சாக விட்டு மேகமாக்குகின்றன என்றும், உலகத்தின் சூடு ஏறாமல் பிடித்து வைக்கின்றன என்றும் சொன்னார்கள். அப்புறம் ஓர் ஓரத்தில் புகை. வீட்டில் எல்லோரும் அடடா என்றார்கள். எனக்குத் தரைதான் ஞாபகம் வந்தது. அந்தப் புகைக்குக் கீழே எத்தனை கன்றுகள் வெளிச்சத்துக்காக நின்றுகொண்டிருந்தனவோ. எங்கள் மலையில் அந்த மாதிரி இடம் சில பள்ளங்களில் மட்டும்தான், ஒரு கிராமத்தின் ஏரி அளவுகூட இருக்காது. ஆனாலும் இரண்டும் ஒரே சாதிக் காடு.

கன்றுகளை மண்ணோடு தோண்டிப் பாசியில் சுற்றி, மூங்கில் கூடையில் அடுக்கினோம். "கும்பலா இருக்கற எடத்துல மட்டும் எடு," என்றார் மலைக்காரர். திரும்பும் வழியில் மூன்று ஓடையிலும் கூடையை முக்கி எடுத்தேன். இந்தத் தடவை வெட்கம் இல்லாமல், "போதுமாண்ணா?" என்று கேட்டுக் கேட்டு முக்கினேன்.

"போதும்மா, கன்னுக்கு ஜலுப்பு புடிச்சிக்கப் போவுது," என்றார். அக்கா அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த ஆடியில் அவர் வந்து கன்றுகளைத் தூக்கிப் போனார். சுனை ஓரத்தில் ஒன்பது நிற்பதாகக் கேள்வி. நான் மறுபடி போய்ப் பார்த்ததில்லை.

காட்டுக்குப் போய்வந்த மறுநாள் திங்கட்கிழமை. கொண்டுவந்த கன்றுகளைப் பைகளில் வைத்து, கீற்றுப் பந்தலுக்குக் கீழே அடுக்கினோம். சாக்கில் முளைத்த நாலையும் சாக்கோடு வெட்டி நட்டேன். காய்ந்த கொட்டைகள் இருந்த பைகளைக் கொட்டி, அந்த மண்ணைச் சலித்துப் புளியங்கொட்டை ஊன்றினோம். சாயங்காலம் பாரஸ்டர் எனக்கும் அக்காவுக்கும் வழக்கம்போல வருகை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.