வரைபடத்தில் இல்லாத கரை

ராஜபாளையத்து மில் ஒன்றில் வேன்களைக் கண்காணிப்பது என் வேலை. எந்த வேன் எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதை ஓர் ஆழ்கற்றல் மென்பொருள் கணித்து, திரையில் புள்ளியாகக் காட்டும்.

அன்று மில் வேலைக்கு மம்சாபுரத்துப் பெண்களை ஏற்றிவந்த வேன் ஒரு மணி நேரம் தாமதம். திரையில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், ஒரு டீக்கடை அருகே அசையாமல் நின்றது. பதினோரு வருடம் ‘அண்ணே’ என்று நான் அழைத்த ஓட்டுநர் மாடசாமி உள்ளே வந்ததும் கத்தினேன்.

“ஏலே, டீக்கடையில அம்புட்டு நேரம் என்ன வேலை?”

“ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான் சார். கம்மாக்கரை வழியா வந்தேன். டயர் பொதைஞ்சிருச்சு.”

“மெஷின் பொய் சொல்லுதா? நாளையிலருந்து வராத.”

அதே வேனில் வந்த முத்துமாரி பின்னாலேயே நுழைந்து, முழங்கால்வரை சேறோடு நின்றாள். “இருவது பொம்பளைய எறங்கித் தள்ளுனோம். பொட்டியக் கேட்டீயளே, எங்களைக் கேட்டீயளா?”

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரைபடத்தில் கண்மாய்க்கரை இல்லை. அதனால் மென்பொருள் தனக்குத் தெரிந்த பக்கத்துச் சாலைக்கு வேனின் புள்ளியை இழுத்து நிறுத்தியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். மாடசாமி சாவியை மேசையில் வைத்தார். “பொய்யன்னு ஆன பொறவு எப்படி சார் ஓட்ட?” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

இன்றும் என்மேலேயே கோபம் கொதிக்கிறது. மென்பொருளுக்குக் கரையும் தெரியாது, மாடசாமியையும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.