சாவியைக் கொடுத்த அமைச்சர்

கோவில்பத்துப் பூங்கொடி ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முப்பத்தெட்டு வயதில் தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். மற்ற தாள்களிலெல்லாம் தேறிவிட்டாள். நாடகத் தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் பதிவு ரத்தாகிவிடும், ஐந்து வருடப் படிப்பும் வீண்.

பாடமாக இருந்தது ஒரு பழைய நாடகம். கோட்டையை முற்றுகையிட்ட பகைவரிடம் அமைச்சர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவர் துரோகி என்று கைடில் போட்டிருந்ததை இரண்டு முறையும் அப்படியே எழுதித்தான் தோற்றிருந்தாள்.

பரீட்சைக்குச் சில வாரம் முன்பு காரைக்காலில் கல்லூரி மாணவர்கள் அதை மேடையேற்றியபோது போய்ப் பார்த்தாள். அமைச்சர் இளித்துக்கொண்டே சாவியை நீட்டினார். கைடில் இருந்த அதே துரோகிதான். நாகப்பட்டினத்தில் வேறொரு குழுவும் அதைப் போடுவதாகத் தெரிந்தது. சனிக்கிழமை மதியம் நாடகம். ஞாயிறு காலை பரீட்சை.

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு நாடகம் பாக்கப் போறியா? புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் கணவன் மாணிக்கவேல்.

"ரெண்டு தடவ வீட்ல உக்காந்துதாங்க படிச்சேன். என்ன ஆச்சு?"

நாகூர் நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி ஓடிப்போனபோது அரங்கத்தின் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"ஆரம்பிச்சாச்சும்மா. இனிமே விட முடியாது" என்றார் வாசலில் நின்றவர்.

மூச்சு வாங்க ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு இந்த நாடகத்துலதாங்க பரீட்சை. பின்னாடி ஓரமா நின்னுக்கிறேன்."

அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்தார்.

மேடையில் பசியில் சுருண்டு கிடந்த குழந்தைகளைத் தாண்டி அமைச்சர் நடந்து வந்தார். கை நடுங்கியது. சாவி கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்படியே நீட்டினார். புத்தகத்தில் அது ஒரே வரி: 'அமைச்சர் சாவியைக் கொடுக்கிறார்.' ஏன் கொடுத்தார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். எந்த அமைச்சரை எழுதுவது?

"வம்பு வேணாம். கைடுல இருக்கறதயே எழுதிட்டு வா" என்றான், இரவு விஷயத்தைக் கேட்ட மாணிக்கவேல்.

மறுநாள் கேள்வித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'அமைச்சர் துரோகியா? விளக்குக.'

 கைடின் முதல் வரியை எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, தான் பார்த்த இரண்டு அமைச்சர்களையும் எழுதத் தொடங்கினாள். இளித்தவருக்கும் நடுங்கியவருக்கும் புத்தகத்தில் வரி ஒன்றுதான். அந்த ஒரு வரியில் இருவருக்குமே இடம் இருக்கிறது, ஆனால் பட்டினி கிடந்த ஊரை மறந்துவிட்டு அவரைத் துரோகி என்று சொல்ல முடியாது என்று முடித்தாள். மணி அடித்த பிறகுதான் பயம் வந்தது.

இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. அலுவலகக் கணினியில் முடிவைப் பார்த்தாள். அறுபத்து மூன்று. பதிவெண்ணை மறுபடி சரிபார்த்துவிட்டு மாணிக்கவேலுக்குப் போன் செய்தாள்.

"பாஸாயிட்டேங்க."

 "அந்த நாடகத்த இன்னொரு தடவ போட்டாங்கன்னா சொல்லு, நானும் வர்றேன்" என்றான்.