கதவில்லாத ஆஸ்பத்திரி

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசியை உருவிய நர்ஸ் பெண் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து, "நீங்களே அழுத்திப் பிடிச்சுக்குங்க, அம்மாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நான் பிடித்தேன். பிடித்தபடியே பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். மருமகள் சிரித்தாள். "அது எப்பவோ நின்னிருக்குமுங்க, அத்தை." நின்றிருக்கும்தான். எனக்கு எடுக்கத்தான் பயம்.

பயம் என் கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்துதான். இப்படிப்பட்டவளை, வெள்ளைக்காரன் காலத்தில், கொல்லிமலை ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் வேலைக்கு வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அடிவாரத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை. நானும் பயந்துகொண்டுதான் வந்தேன். வீட்டில் சோறில்லாதது அதைவிடப் பெரிய பயம்.

ஆஸ்பத்திரி என்றால் வளப்பூர் நாட்டில், மலையூர்க் கூட்டத்தை அங்கே நாடு என்பார்கள், ஒரு புல்வேய்ந்த கொட்டகை. மூன்று பக்கம் மண் சுவர், நாலாவது பக்கம் வெறும் வெளி. உள்ளே தரை கழுவும் லைசால் மருந்து வாடை, வெளியே யாரோ காயப்போட்ட மிளகின் வாடை. இன்றைக்கும் ரசத்துக்கு மிளகு தட்டினால் எனக்கு ரத்தம்தான் ஞாபகம் வரும், என்ன செய்ய.

அப்போது மலையில் ஒரு வழக்கம் இருந்தது. கொடுவாள் இல்லாமல் ஆம்பிளை வெளியே கிளம்ப மாட்டான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் அதை வாசல் கூரையில் செருகிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். எங்கள் கொட்டகைக்கு வாசற்படியும் கிடையாது, கதவும் கிடையாது. ஆகவே அது வீடில்லை. எல்லோரும் கொடுவாளோடேயே உள்ளே வருவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் சடையன் என்கிறவனைக் கம்பளியில் போட்டு மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். எல்லைப் பலாமரத்துச் சண்டை. பக்கத்துக் காட்டுக்காரன் பேர் பெரியண்ணன். அவன் தம்பி மண்டையை இவன் பிளந்திருக்கிறான். பெரியண்ணன் இவன் தொடையை வெட்டியிருக்கிறான். வெட்டுக்குள் அடுப்புச் சாம்பலை அடைத்திருந்தார்கள். அதை வழித்ததும் ரத்தம் என் முகத்தில் பீச்சியது. டாக்டர் மலையிறங்கியிருந்தார். கம்பவுண்டர் செம்மேட்டுச் சந்தையில். அவரைக் கூட்டிவர ஓர் ஆளை விரட்டிவிட்டு, துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன்.

பின்னாலேயே பெரியண்ணன் வந்தான். குரைத்த நாயை ஒரே வெட்டு. தூக்கி வந்தவர்களில் மீதிப் பேரும் புதருக்குள் ஓடிவிட்டார்கள்.

"கையை எடு, புள்ள."

"எடுத்தா செத்துப் போவாருங்க."

"சாவட்டும்னுதான் சொல்றேன். எடுக்கிறயா, கையோட சேத்து வெட்டட்டுமா?"

சடையன் சும்மா கிடந்தானா? "வெட்டுடா! உந்தம்பி மண்டையாட்டம் நானென்ன பூசணிக்காயா?"

"சாமி, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க" என்று அழுதேன்.

நான் கையை எடுக்கவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுவாள் தள்ளி நின்றது. ரத்தம் என் உள்ளங்கைக்குக் கீழே, பிடிபட்ட கோழிக்குஞ்சு மாதிரித் துடித்தது. பக்கத்தில் இருந்த பயம் அதுதான்.

பிறகு விரல்கள் மரத்துப் போயின. துணியோரத்தில் சிவப்பு பரவியது. அந்தப் பதற்றத்தில் யாரிடம் பேசுகிறேன் என்பதே மறந்துவிட்டது.

"ஏனுங்க, எனக்குக் கை மரத்துப் போச்சுங்க! பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, வந்து அழுத்துங்க!"

"நானா?"

"வேற ஆரு இருக்கறாங்க இங்க?"

அவன் சுற்றிலும் பார்த்தான். யாருமில்லை. அழுத்த இரண்டு கை வேண்டும். கொடுவாளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். பிறகு எட்டி, எங்கள் கூரைப் புல்லில் செருகினான்.

"வலிக்குதாடா? நல்லா வலிக்கட்டும்."

"மெல்ல அழுத்துடா, பாவி."

கம்பவுண்டர் வந்து தையல் போடும்வரை இரண்டு பேரும் ஒருவர் தாயை ஒருவர் திட்டிக்கொண்டேயிருந்தார்கள். பெரியண்ணன் கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்புறம் மனம் திருந்தினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த நோம்பிக்கே, ஊர்த் திருவிழாவில், மறுபடி வெட்டிக்கொண்டார்கள். இந்த முறை பெரியண்ணனுக்குத் தோள்பட்டை. நான்தான் அழுத்தினேன். மண்டை பிளந்த அவன் தம்பி பிழைத்தான், பேச்சு திரும்பவில்லை. நர்ஸ் படிப்பில் என்னென்ன சொல்லித் தருகிறார்களோ, எனக்குத் தெரியாது. அந்தக் கொட்டகையில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: வைத்த கையை எடுக்காதே, மரத்துப்போனால் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடு, எவனாயிருந்தாலும் சரி.

பலாமரம் ரோடு போட்டபோது போயிற்று. கொட்டகை நின்ற இடத்தில் இப்போது லாரி திருப்புகிறார்கள். அந்த இருவரும் இல்லை. இன்றைய ஆஸ்பத்திரிக்கு இரும்புக் கதவு, அதற்கு ஒரு காவலாள். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அதைவிட நிம்மதி ஏது? ஆனால் அன்றைக்கு அந்தக் கதவு இருந்திருந்தால் பெரியண்ணன் வெளியிலேயே நின்றிருப்பான். சடையன் உள்ளே, என் கைக்கடியிலேயே செத்திருப்பான்.